காருக்கு ஜிபிஎஸ் மாட்டப் போறீங்களா? மாமா வண்டி போனப்புறம் நான் படிச்சது

போன வருஷம் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளிய நிறுத்தியிருந்த எங்க மாமா கார் காணாம போச்சு. ராத்திரி ரிசப்ஷன், சாப்பிட்டு கை கழுவிட்டு வெளிய வந்து பாத்தா வண்டி நின்ன இடத்துல ஒரு வேன் நிக்குது. "ஜிபிஎஸ் இருக்குலா, பயப்படாண்டாம்"னு மாமா தைரியமா ஆப்ப திறந்தாவ. வண்டி பத்திரமா கருங்கல் ஊர்ல வீட்டு போர்டிகோல நிக்குதுன்னு ஆப் காட்டுது! கடைசி அப்டேட் பதினோரு நாளைக்கு முன்னாடி. உள்ள இருந்த சிம்முக்கு ரீசார்ஜ் முடிஞ்சிருக்கு, ஒருத்தரும் கவனிக்கல.

மாமா பசங்க ரெண்டு பேரும் கல்ஃப்ல, அதனால அதுக்கப்புறம் ஸ்டேஷன், இன்சூரன்ஸ், ஆர்டிஓன்னு ஏழரை மாசம் அலைஞ்சது நான்தான். அந்த அலைச்சலோட அலைச்சலா என் வண்டிக்கும் எல்லாத்தையும் முதல்லருந்து மாத்திச் செஞ்சேன், அதுலயும் ரெண்டு தடவ சொதப்பினேன். புதுசா மாட்டப் போறவங்களுக்காக வரிசையா எழுதுறேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், ஜிபிஎஸ் கள்ளன் கைய பிடிக்காது, போன வண்டி எங்க இருக்குன்னுதான் சொல்லும். கைய பிடிக்கணும்னா ஒரு கியர் லாக் வாங்கி மாட்டுங்க, பாக்க அசிங்கமா இருந்தாலும் பரவால்ல.

1. எந்த வகைன்னு முடிவு பண்ணுங்க

ஓபிடி டைப்னு ஒண்ணு இருக்கு, ஸ்டியரிங்குக்கு கீழ மெக்கானிக் ஸ்கேனர் குத்துற சாக்கெட் இருக்கும்ல, அதுல குத்திட்டா முடிஞ்சுது. வயர் வெட்ட வேண்டாம், வாரண்டி பயம் இல்ல. ஆனா நமக்கு ரெண்டு நிமிஷ வேலைன்னா கள்ளனுக்கு ரெண்டு செகண்ட் வேலை, குனிஞ்சு உருவி வெளிய எறிஞ்சுட்டு போவான். பையன் எவ்வளவு ஸ்பீடா ஓட்டுறான்னு பாக்க இது நல்லது, திருட்டுக்கு ஆகாது.

திருட்டுக்குன்னா வயர் டைப்தான். டேஷ்போர்டுக்கு உள்ள மறைச்சு, வண்டி பேட்டரில இருந்தே கரண்ட் எடுத்து ஓடும். உள்ள ஒரு குட்டி பேட்டரியும் இருக்கும், மெயின் வயர அறுத்தாலும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிச்சு "வயர் அறுத்துட்டாங்க"ன்னு நமக்கு சொல்லிட்டுதான் சாகும். நான் விசாரிச்சப்போ 1,800ல இருந்து 4,500 வரைக்கும் விலை சொன்னாங்க. எனக்கு 4ஜி மாடல், போன்ல இருந்தே இன்ஜின கட் பண்ற ரிலேயோட சேத்து 3,600, மாட்டுகூலி 500, ரெண்டாவது வருஷத்துல இருந்து வருஷத்துக்கு 1,200.

ஏர்டேக் மாதிரி புளூடூத் டேக் போதாதான்னு நிறைய பேர் கேக்குறாங்க. அதுல ஜிபிஎஸ்ஸும் கிடையாது சிம்மும் கிடையாது, பக்கத்துல போற ஐபோன்கள் மூலமாதான் அது இருக்குற இடம் நமக்கு தெரியும். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்னா சரி, கடையால் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள கொண்டு நிறுத்திட்டா யாரு ஐபோனோட அந்த வழியா போகப் போறா? இன்னொண்ணு, 2024ல இருந்து ஆண்ட்ராய்டு போனா இருந்தாலும் ஐபோனா இருந்தாலும் தெரியாத டேக் கூடவே வந்தா "உங்க கூட ஒரு டேக் வருது"ன்னு எச்சரிக்கை வந்துடும், கள்ளன் போன்லயும்தான் வரும். 60 டிகிரி சூட்டுக்கு மேல ஏர்டேக் தாங்காது, அதனால வெயில்ல நிக்குற வண்டி டேஷ்போர்டு மேல வைக்காதீங்க. ரெண்டாவது காவலா சீட்டுக்குள்ள ஒண்ணு போட்டு வச்சா தப்பில்ல, அதையே நம்பி இருக்காண்டாம்.

மஞ்சள் போர்டு டாக்ஸி வச்சிருக்கவங்களுக்கு கதை வேற, அவங்க ஏஐஎஸ் 140ங்குற அரசாங்கத் தர அப்ரூவல் உள்ள கருவியதான் எமர்ஜென்சி பட்டனோட மாட்டணும், அது சட்டம். வெள்ளை போர்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. "இப்ப எல்லா வண்டிக்கும் கம்பல்சரி சார்"னு ஒரு கடைல எனக்கே விக்கப் பாத்தாங்க, கேட்டியளா.

2. சிம்முல ஏமாறாதீங்க

வண்டி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறது சாட்டிலைட்ட வச்சு, அதுக்கு சிம் வேண்டாம். கண்டுபிடிச்சத நம்ம போனுக்கு அனுப்பத்தான் சிம். விலை கம்மியா கிடைக்குற கருவி நிறைய 2ஜி. ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, அதனால வீட்ல சும்மா கிடக்குற ஜியோ சிம்ம 2ஜி கருவில போட்டா ஜென்மத்துக்கும் வேலை செய்யாது. என் முதல் சொதப்பல் இதுதான், கருவி பழுதுன்னு நினைச்சு கடைக்கு ரெண்டு நடை நடந்தேன், ரெண்டாவது நடைலதான் கடைப் பையன் சிரிச்சுக்கிட்டே சொன்னான். இப்ப வாங்குறவங்க 4ஜியா பாத்து வாங்கிடுங்க.

கம்பெனிக்காரங்களே சிம் போட்டு குடுத்தா அது பெரும்பாலும் 13 இலக்க நம்பர், எம்டுஎம் (மெஷினுக்கு மெஷின் பேசுற) சிம்னு சொல்லுவாங்க. அத நாம சாதாரணமா ரீசார்ஜ் பண்ண முடியாது, கம்பெனிக்கு வருஷச் சந்தா கட்டினாதான் ஓடும். நாமளே சிம் போட்டா ரீசார்ஜ் நம்ம பொறுப்பு. எந்த முறையா இருந்தாலும் முடியுற தேதிய போன் காலண்டர்ல ஒரு வாரம் முன்னாடியே அடிக்கிற மாதிரி போட்டு வைங்க. மாமா வண்டிய தேட முடியாம போனது இந்த ஒரு தேதியாலதான்.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பக்கம் எந்த நெட்வொர்க் நல்லா எடுக்குதுன்னு பாருங்க. கீரிப்பாறை, கோதையாறு மாதிரி மலைப்பக்கம் சிக்னல் விட்டு விட்டுதான் வரும், நல்ல கருவின்னா சிக்னல் இல்லாத நேரத்துல போன பாதைய சேத்து வச்சு அப்புறமா அனுப்பும். அந்த வசதி இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

3. பில் இல்லாம வாங்காதீங்க

பில்லுல கருவியோட ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள நம்பர்), வாரண்டி எத்தன மாசம், முதல் சந்தா எந்தத் தேதி வரைக்கும், அடுத்த வருஷம் எவ்வளவு, இது நாலும் இருக்கணும். முதல் வருஷம் ஃப்ரீன்னு சொல்லிட்டு அடுத்த வருஷம் கருவி விலைக்கே சந்தா கேக்குற ஆளுங்க உண்டு. ஆப் யாரோட சர்வர்ல ஓடுது, பிரச்சனைன்னா கூப்பிட ஒரு நம்பர் இருக்கான்னும் கேளுங்க. ஆன்லைன்ல பேரு தெரியாத கம்பெனி கருவி வாங்கினா ஒரு நாள் ஆப்பே காணாம போயிடும், அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா. திருவனந்தபுரத்துல விலை கம்மின்னு போய் மாட்டிட்டு வர்றவங்க இருக்காங்க, தப்பில்ல, ஆனா வாரண்டிக்கு ஒவ்வொரு தடவையும் பாறசாலை தாண்டி போகணும்னு ஞாபகம் வச்சுக்கிடுங்க.

4. மாட்டுற ஆளும் மாட்டுற இடமும்

பணம் குடுத்து வாங்குறது சுலபம், இங்கதான் எல்லாரும் கோட்ட விடுறது. கடைக்காரன் அவசரத்துல ஸ்டியரிங்குக்கு கீழ கைய விட்டு ரெண்டு பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு கட்டிட்டு "முடிஞ்சு சார்"னுவான். எல்லா கடையும் அங்கயேதான் மாட்டும், அது கள்ளனுக்கும் தெரியும்! அந்த இடம் மட்டும் வேண்டாம்னு கறாரா சொல்லுங்க.

எந்த இடம்னு நான் இங்க எழுத மாட்டேன், எழுதினா பிரயோஜனம் இல்லாம போயிடும்ல. ஆனா பாக்க வேண்டியது இதுங்க. கருவிக்கு மேல இரும்புத் தகடு இருக்கக்கூடாது, பிளாஸ்டிக், துணி, ஃபோம் இருந்தா சிக்னல் உள்ள வரும். மேல் பக்கம்னு போட்டிருக்குறது வானத்தப் பாத்து இருக்கணும். கால் வைக்கிற கார்பெட்டுக்கு கீழ வைக்காண்டாம், நமக்கு வருஷத்துல ரெண்டு மழைக்காலம், ஆனிச் சாரலும் ஐப்பசி அடைமழையும் வந்து தண்ணி முதல்ல நிக்குறது அங்கதான். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்துல இருக்கவங்க ஒரு படி மேல போங்க, வயர் ஜாயின்ட எல்லாம் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டா உப்புக் காத்துல ஆறு மாசத்துல பச்சை பிடிச்சுடும், சால்டர் வச்சு, சூடு காட்டினா சுருங்கி இறுகுற ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடச் சொல்லுங்க, நூறு ரூபா கூட கேட்டா குடுத்துடுங்க. தோட்டத்துப் பக்கம் வண்டி நிறுத்துறவங்களுக்கு எலி வேற இருக்கு, அதப் பத்தி என்னத்த சொல்ல.

பாசிட்டிவ் வயர்ல கண்டிப்பா சின்ன ஃபியூஸ் இருக்கணும். ஃபியூஸ் இல்லாம நேரா பேட்டரி வயர்ல ஒட்டுறவன்கிட்ட வண்டிய விடாதீங்க, ஷார்ட் ஆனா வண்டியே எரியும். புது வண்டி, வாரண்டி ஓடிக்கிட்டு இருக்குன்னா ஒரிஜினல் வயர வெட்ட விடாதீங்க, ஃபியூஸ் பாக்ஸ்ல இருந்து எடுக்குறதுக்கு தனி கனெக்டர் இருக்கு, அத கேளுங்க. மாட்டும்போது கூடவே நில்லுங்க, சாயா குடிக்கப் போயிடாதீங்க. மாட்டின இடத்த போட்டோ எடுத்து வைங்க, ஆனா வீட்ல ஒருத்தருக்கு மேல காட்டாதீங்க. கடையோட ஸ்டிக்கர கண்ணாடில ஒட்ட வந்தா வேண்டாம்னு சொல்லுங்க, எந்தக் கடை ஜிபிஎஸ்னு தெரிஞ்சா எங்க தேடணும்னும் தெரிஞ்சுடும்.

5. ஓட்டாம நிக்குற வண்டின்னா பேட்டரிய கவனிங்க

நம்ம மாவட்டத்துல பாதி வீட்டுல காருக்குச் சொந்தக்காரன் கல்ஃப்ல, வண்டி தார்பாய்க்கு கீழ. அந்த மாதிரி வண்டிக்கு ஜிபிஎஸ் மாட்டினா இந்தக் கணக்க தெரிஞ்சுக்கிடுங்க. கருவி எந்நேரமும் முழிச்சு 30 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க, ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர், மூணு வாரத்துல 15. சின்ன கார் பேட்டரியே 35தான், அதுல வண்டியோட சொந்த இழுப்பு வேற, பழைய பேட்டரின்னா காலைல சாவி திருப்பினா "டிக் டிக்"னு சத்தம் மட்டும்தான் வரும். வண்டி நின்னா தூங்குற ஸ்லீப் மோடு உள்ள கருவின்னா இதுல கொஞ்சம்தான் இழுக்கும். வாங்கும்போதே கேட்டு, ஆப்ல அத ஆன் பண்ணி வைங்க. வாரம் ஒரு தடவ வீட்ல யாராவது அரை மணி நேரம் ஓட்டிட்டு வரச் சொல்லுங்க.

6. இன்ஜின் கட் ரிலே வேணுமா?

போன்ல ஒரு பட்டன அமுக்கினா வண்டி ஸ்டார்ட் ஆகாது, அதுக்குத்தான் ரிலே. நல்லதுதான், ஆனா ஓடுற வண்டில அமுக்கக்கூடாது. இன்ஜின் நின்னா பவர் ஸ்டியரிங் போகும், பிரேக்கும் ரெண்டு மிதில கல்லு மாதிரி ஆயிடும், முன்னாடி ஸ்கூட்டர்ல போறது யாரோ எவரோ. வேகம் 20க்கு கீழ வந்தாதான் கட் ஆகுற மாதிரி செட்டிங் உள்ளத வாங்குங்க, அதையும் கடைக்காரன் முன்னாடியே சோதிச்சுப் பாருங்க.

மட்டமான ரிலே போட்டா நாமளே நடுவழில நிப்போம். என் ரெண்டாவது சொதப்பல் அது. திருநெல்வேலி போற வழில ஆரல்வாய்மொழில ரிலே கனெக்டர் லூஸ் ஆகி வண்டி நின்னுட்டு, சுத்தி கரண்ட் எடுக்குற அத்தன காத்தாடியும் சுத்துது, என் இன்ஜின் மட்டும் சுத்தல. ரிலேய எப்படி பைபாஸ் பண்றதுன்னு மாட்டின அன்னைக்கே கேட்டு தெரிஞ்சுக்கிடுங்க.

7. ஆப் செட்டிங், முதல் நாளே

பாஸ்வேர்ட் மாத்துங்க. 2019ல ஆன்டிவைரஸ் செய்யுற அவாஸ்ட் கம்பெனி ஆராய்ச்சி பண்ணி, சுமார் 6 லட்சம் டிராக்கர் 123456ங்குற பாஸ்வேர்டோடயே ஓடுதுன்னு சொன்னாங்க. அப்படி விட்டா உங்க வண்டி எங்க நிக்குது, எப்ப வீட்ல ஆள் இல்லன்னு எவன் வேணும்னாலும் பாக்கலாம். எஸ்எம்எஸ்ல கட்டளை அனுப்புற கருவின்னா அதுக்கு தனி பாஸ்வேர்ட், அதையும் மாத்தணும்.

அலர்ட்டுல மூணு முக்கியம்: இக்னிஷன் ஆன், பவர் கட், எல்லை தாண்டுறது. எல்லைய வீட்டச் சுத்தி ஒரு வட்டம், அப்புறம் நீங்க தினம் போய் வர்ற தூரத்துக்கு ஒரு வட்டம்னு போடுங்க. மார்த்தாண்டத்துல இருந்து கேரளா எல்லைல இருக்குற களியக்காவிளை பத்து கிலோமீட்டருக்குள்ள, ராத்திரி ரோட்ல எவ்வளவு நேரம் ஆகும்? களியக்காவிளைய மட்டும் எல்லைன்னு நினைக்காண்டாம், பனச்சமூடு, கொல்லங்கோடுன்னு கேரளாவுக்குள்ள போக எத்தனையோ ஊடுவழி இருக்கு, அதனாலதான் வட்டம் போடச் சொல்றேன்.

அலர்ட் வந்தா மட்டும் போதாது, யாராவது முழிச்சிருந்து பாக்கணும். நைட் போன சைலன்ட்ல போட்டுத் தூங்குற ஆளா இருந்தா அந்த ஆப்புக்கு மட்டும் சத்தம் வர்ற மாதிரி வைங்க. கல்ஃப்ல இருக்குற பையனுக்கும் ஒரு லாகின் குடுங்க, இங்க ராத்திரி ரெண்டு மணின்னா துபாய்ல பன்னெண்டரை, சவுதில பதினொன்றரை, அவன் முழிச்சு ரீல்ஸ் பாத்துக்கிட்டுதான் இருப்பான். ஆனா பாக்க மட்டும்தான் அனுமதி குடுக்கணும், இன்ஜின் கட் பட்டன் அவன் கைல வேண்டாம்.

எல்லாம் முடிஞ்சதும் சோதனை. வண்டிய ஒருத்தர்கிட்ட குடுத்து ஓட்டச் சொல்லிட்டு நீங்க வீட்ல இருந்து பாருங்க, பேட்டரி டெர்மினல கழட்டி அலர்ட் எத்தன நிமிஷத்துல வருதுன்னு பாருங்க. மாசம் ஒரு தடவ ஆப்ப திறந்து "கடைசி அப்டேட்" நேரத்த மட்டுமாவது பாருங்க.

8. வண்டி கைல இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டிய பேப்பர்

ஒரு ஃபைல்ல ஆர்சி நகல், பாலிசி, ஜிபிஎஸ் பில், ஐஎம்இஐ நம்பர், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், வண்டில நமக்கு மட்டும் தெரிஞ்ச கீறல், ஒடுக்கோட போட்டோ. போன்லயும் ஒரு காப்பி வேணும், ஏன்னா நிறைய பேரு ஆர்சிய வண்டி டேஷ்போர்டுக்குள்ள வச்சிருப்பாங்க, வண்டியோட அதுவும் போயிடும்.

ரெண்டு சாவியும் எங்க இருக்குன்னு பாருங்க. திருட்டு கிளெய்ம்ல ரெண்டு சாவியையும் கேப்பாங்க. மாமா வண்டி ஸ்பேர் சாவி அபுதாபில பையனோட பைக்குள்ள கிடந்துச்சு, போன லீவுல தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான். அது வந்து சேர்றதுக்கே மூணு வாரம்.

பாலிசி தேர்ட் பார்ட்டி மட்டும்னா திருட்டுக்கு ஒரு பைசா வராது. ஜிபிஎஸ் மாட்டினா பிரீமியம் குறையும்னு கடைல சொல்லுவாங்க. தள்ளுபடி உண்டுதான், ஆனா ஏஆர்ஏஐங்குற வண்டி சோதனை அமைப்போட அப்ரூவல் உள்ள திருட்டுத் தடுப்பு கருவிக்கு மட்டும், ஓடி பிரீமியத்துல (நம்ம வண்டி சேதத்துக்கும் திருட்டுக்கும் கட்டுற பங்கு) 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபா. அதுக்காக அப்ரூவல் இல்லாத கருவிய இருக்குன்னு பாலிசில எழுத வைக்காதீங்க, கிளெய்ம் நேரத்துல அதுவே கழுத்துக்கு வரும்.

9. வண்டி காணோமா? முதல் அரை மணி நேரம்

கை நடுங்கும், தெரியும். முதல்ல ஆப்ல இருக்குறத ஸ்கிரீன்ஷாட் எடுங்க, நேரம் தெரியணும். உடனே 112. லைவ் லொகேஷன் ஷேர் லிங்க ஸ்டேஷன்ல சொல்ற நம்பருக்கு அனுப்புங்க. வண்டி நின்னிருந்தா, போலீஸ் சொன்ன நேரத்துல ரிலேய கட் பண்ணுங்க. சில பேரு திருடின வண்டிய எங்கயாவது ஒதுக்குப்புறமா ஒண்ணு ரெண்டு நாள் போட்டு வச்சு, தேடி ஆள் வருதான்னு பாப்பானுவ, அதனால ஆப் காட்டுற இடத்துக்கு மச்சான்மார ரெண்டு பைக்ல கூட்டிக்கிட்டு நீங்களே போகாதீங்க.

ஃபாஸ்டேக்க அந்த நிமிஷமே பிளாக் பண்ணிடாதீங்க, வண்டி நாங்குநேரி டோல தாண்டினா உங்க போனுக்கு மெசேஜ் வரும், ஜிபிஎஸ்ஸ பிடுங்கி எறிஞ்சாலும் அது ஒரு துப்பு.

"அது எங்க லிமிட் இல்ல"ன்னு எந்த ஸ்டேஷன்லயும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைல இருக்குற பிஎன்எஸ்எஸ்ங்குற புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173வது பிரிவுல, எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் புகார் குடுக்கலாம், எஃப்ஐஆர் காப்பி இலவசம்னு இருக்கு. மண்டபம் ஒரு லிமிட், வீடு ஒரு லிமிட்னு நாங்க அன்னைக்கு ராத்திரி ரெண்டு இடம் அலைஞ்சோம், இது தெரிஞ்சிருந்தா அலைஞ்சிருக்க மாட்டோம். புகார்ல ஐஎம்இஐ, சேஸிஸ் நம்பர், கடைசியா வண்டிய பாத்த நேரம், சாவி யார்கிட்ட இருந்துச்சு எல்லாம் எழுதுங்க.

புகார்ல "திருட்டு"ன்னு இருக்கணும், அதுக்கு நடந்தது திருட்டாவும் இருக்கணும். தெரிஞ்ச பையனுக்கு வாடகைக்கு குடுத்தது திரும்பி வரலன்னா அது நம்பிக்கை மோசடி, பிரிவே வேற, இன்சூரன்ஸ்காரங்க கைய விரிச்சுடுவாங்க. வெள்ளை போர்டு வண்டிய வாடகைக்கு விட்டதே தப்புன்னு அது தனியா ஒரு தலைவலி.

10. கிளெய்ம்

அன்னைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் பண்ணி கிளெய்ம் நம்பர் வாங்குங்க, ஒரு மெயிலும் போட்டுடுங்க. லேட்டா சொன்னதா காரணம் காட்டி மாமாவுக்கு முதல்ல மறுத்தாங்க, நாங்க சொன்னது நாலாவது நாள். எஃப்ஐஆர் உடனே போட்டிருந்தா கம்பெனிக்கு சொல்றதுல ஆன தாமதத்த மட்டும் வச்சு மறுக்கக்கூடாதுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அத எழுதி அனுப்பின பிறகுதான் ஃபைல் நகர்ந்துச்சு.

ஆர்டிஓவுக்கும் எழுத்துல குடுக்கணும், டிஎன் 74ன்னா நாகர்கோவில், 75ன்னா மார்த்தாண்டம். குடுத்த காப்பில சீல் வாங்குங்க. அப்புறம் போலீஸ் தேடிக் கிடைக்கலன்னு குடுக்குற சர்டிபிகேட், இதுக்குத்தான் மாசக்கணக்குல ஆகும், எங்களுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. வாரம் ஒரு தடவ மரியாதையா போய் கேட்டுக்கிட்டே இருக்கணும், சண்ட போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. கூடவே ரெண்டு சாவி, ஒரிஜினல் ஆர்சி, கையெழுத்து போட்ட 28, 29, 30 ஃபார்ம் (வண்டி பேர் மாத்துறதுக்கான ஆர்டிஓ ஃபார்ம்), பத்திரத்துல ஒரு ஒப்புதல். லோன் இருந்தா லோன நீக்குற ஃபார்ம் 35ம் பேங்க் லெட்டரும், பணம் முதல்ல பேங்க்குக்குதான் போகும்.

கிடைக்கிறது ஐடிவி, அதாவது பாலிசில வண்டிக்கு போட்டிருக்குற மதிப்பு, நாம வாங்கின விலை இல்ல. அதுலயும் 1500 சிசி வரைக்கும் உள்ள வண்டின்னா 1,000 ரூபா பிடிப்பாங்க. பிரீமியத்துல இருநூறு முந்நூறு குறையுதேன்னு ஐடிவிய குறைச்சு போட சம்மதிச்சவங்க அன்னைக்கு உக்காந்து கணக்கு பாப்பாங்க, மாமா பாத்தாவ.

11. விக்கும்போதும் வாங்கும்போதும்

வண்டிய வித்தா கருவிய கழட்டிட்டு குடுங்க, இல்லன்னா ஆப்ல இருந்து வண்டிய எடுத்துட்டு வாங்குறவங்க பேர்ல மாத்திக் குடுங்க. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க தெரிஞ்ச எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டி டேஷ்போர்டு உள்ள, ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் சம்பந்தமில்லாத வயர் ஏதாவது ஓடுதான்னு பாக்கச் சொல்லுங்க. மாமா இப்ப வாங்கின பழைய வண்டிலயே அப்படி ஒண்ணு இருந்துச்சு, பச்சை லைட் மினுக்கிக்கிட்டு, யார் போனுக்கு அனுப்பிக்கிட்டு இருந்துச்சோ.